தோழன் என்றொரு ஒற்றன்

அரசாணையும் ஒரு பிரதிதான். 2025 நவம்பர் 28 அன்று மத்தியத் தொலைத்தொடர்புத் துறை கைபேசி நிறுவனங்களுக்கு ஓர் உத்தரவு அனுப்பியது. விற்பனைக்கு வரும் ஒவ்வொரு கைபேசியிலும் ‘சஞ்சார் சாத்தி’ செயலி ஏற்றப்பட்டிருக்க வேண்டும். அதன் செயல்பாடுகளை முடக்கக் கூடாது. திருட்டுப்போன போனைப் பிடிக்கத்தான் என்றார்கள், சரி. ‘சாத்தி’ என்றால் தோழன். 2020இல் கொரோனாவைச் சொல்லி வந்தது ‘ஆரோக்கிய சேது’, அதாவது பாலம். அது புளூடூத்தும் ஜிபிஎஸ்ஸும் கொண்டு யார் யார் பக்கத்தில் இருந்தார்கள் என்று குறித்துக்கொண்டது.

எதிர்ப்பு கிளம்பியதும் டிசம்பர் 3இல் கட்டாயம் வாபஸ். சொன்ன காரணத்தை வாசியுங்கள்: மக்களிடையே ஏற்பு பெருகிவருவதால் கட்டாயம் தேவையில்லையாம்! எதிர்ப்பையே சம்மதமாக மாற்றி எழுதிவிடுகிறது அதிகாரத்தின் சொல்லாடல்.

நம்ம கோட்டக்குப்பத்து எல்லைக்கு அந்தப் பக்கம், புதுச்சேரியில், 1908 முதல் 1918 வரை பாரதி இருந்தார். பிரிட்டிஷ் ஒற்றர்கள் அவர் பின்னாலேயே திரிந்தார்கள். அந்த ஒற்றனுக்குச் சம்பளம் கொடுத்தது சர்க்கார். இன்றைய ஒற்றனுக்கு ரீசார்ஜ் காசு நாம்தான் கட்டுகிறோம்.

ஆனால் டிசம்பர் 3 யாருடைய வெற்றி? சண்டிகரில் 2020லேயே துப்புரவுத் தொழிலாளர்களின் மணிக்கட்டில் ஜிபிஎஸ் கடிகாரம் ஏறிவிட்டது. யார் எந்தத் தெருவில் நிற்கிறார் என்பது கட்டுப்பாட்டு அறைத் திரையில் தெரிந்தது. அவர்கள் போராடினார்கள். ‘அந்தரங்கம்’ பற்றிக் கொதித்த நம்மில் எத்தனை பேருக்கு அது உறைத்தது?

ஃபூக்கோ விவரித்த சிறைக் கோபுரத்தைப் பற்றி எழுதி எழுதி அலுத்துவிட்டோம். அங்கே எல்லா அறையும் ஒன்றுபோல. இங்கே அறைக்குச் சாதி உண்டு. மதுரைப் பக்கம் குற்றப் பரம்பரைச் சட்டத்தை ‘ரேகைச் சட்டம்’ என்றே ஜனங்கள் சொன்னார்கள். பதிவான ஆண்கள் ராத்திரி காவல்நிலையத்தில் போய்ப் படுக்க வேண்டும். 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்தவர்கள் மீது போலீஸ் சுட்டது. தனிமனித அந்தரங்கம் என்ற சொல் அவர்களிடம் இல்லை. ஊராகச் சேர்ந்து மறுத்தார்கள். நம்ம விவாதங்களில் விடுபட்டுப்போனது இந்தச் ‘சேர்ந்து’தான்.

2024 ஜூலை 8 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. ஜாமீனில் வந்தவர் கூகுள் மேப்பில் தன் இருப்பிடத்தைப் போலீசுக்குக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்ற நிபந்தனை செல்லாது. வழக்காடியவர் போதைப்பொருள் வழக்கில் சிக்கிய ஒரு நைஜீரியர். நம்ம தலையங்கங்கள் கட்டமைக்கிற ‘கண்ணியமான குடிமகன்’ இல்லை. குற்றம் சாட்டப்பட்டவருக்கே கூடாதென்றால் குப்பை வண்டி தள்ளுகிறவளின் கையில் அந்தக் கடிகாரம் எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்று தொழிற்சங்கங்கள் கேட்கலாம்.