சின்னமங்கலம் எந்த நாட்டில் இருக்கிறது?

ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' பற்றி யாரிடம் பேசினாலும் பேச்சு சீக்கிரமே தமிழ்ப் பேரவை அத்தியாயத்துக்கு வந்துவிடும். பினாங்கில் நண்பர்கள் கூடி உட்கார்ந்து தமிழனின் பழம்பெருமையைக் கிழித்துத் தோரணம் கட்டுகிற இடம். முதல் வாசிப்பில் நானும் அதைத்தான் கொண்டாடினேன். 1972லேயே ஒருத்தர் இப்படி எழுதிட்டாரே என்ற குஷி. "இந்த ஆளுக்கு எந்தப் பற்றும் கிடையாதுடா" என்று நண்பனிடம் சொன்ன ஞாபகம்.

இரண்டாவது வாசிப்பில் அந்த முடிவு நிற்கவில்லை.

பாண்டியன் மெடானுக்கு வட்டிக்கடை வேலைக்கு வந்த பையன். சிங்காரமும் அப்படித்தான், 1938ல் சிங்கம்புணரியிலிருந்து கப்பலேறிப் போனவர். ஜப்பானியப் படை மெடானுக்குள் நுழைவதில் நாவல் தொடங்குகிறது. தெருவில் உலகப் போர் போய்க்கொண்டிருக்க, இவன் மனசு சின்னமங்கலத்துக்கு ஓடுகிறது. சந்தை, கடைகள், மனிதர்கள். பிறகு மதுரைத் தெருக்கள். 'கதை எங்கப்பா நகருது' என்று முதல் தடவை நான் வேகமாகத் தள்ளிவிட்ட பக்கங்கள் இவை. இப்போது, நாவலே இந்தப் பக்கங்கள்மேல்தான் உட்கார்ந்திருக்கிறது என்று தோன்றுகிறது. பேரவையில் சிங்காரம் அடிப்பது ராஜாக்களின் தமிழை, மேடைத் தமிழை. சந்தையின் தமிழை அவர் தொடவே இல்லை. அங்கே கிண்டல் இருக்கிறது, ஆனால் அது வீட்டு ஆளைக் கிண்டல் செய்கிற மாதிரி.

பாண்டியனுக்கு நாடு என்று ஒன்று உண்டென்றால் அது முதலில் அந்தச் சந்தைதான். இந்தியா அப்புறம்தான் வருகிறது, சீருடையோடு.

சுபாஷ் சந்திர போஸ் 1943 ஜூலையில் சிங்கப்பூர் வந்தார். அக்டோபர் 21ல் தற்காலிக அரசாங்கத்தை அறிவித்தார். இந்தியாவைக் கண்ணாலேயே பார்த்திராத மலேயாத் தமிழர்கள் பலர், தோட்டத் தொழிலாளிகள் உட்பட, அந்தப் படையில் சேர்ந்தார்கள். தேசம் என்பது கற்பனை செய்யப்பட்ட சமூகம் என்று பெனடிக்ட் ஆண்டர்சன் 1983ல் எழுதினார். நம்ம ஆட்கள் 'கற்பிதம்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு, அப்ப தேசம் பொய் என்று முடித்துவிடுகிறோம். ஆண்டர்சன் அப்படிச் சொல்லவில்லை. அந்தக் கற்பனைக்கான சரக்கு எங்கிருந்து வருகிறது என்பதற்கு எனக்குக் கிடைத்த பதில் சிங்காரம்தான்: ஊர் ஏக்கத்திலிருந்து. ஏக்கத்துக்கு யாராவது ஒரு கொடி கொடுத்தால் போதும்.

எனக்கு ஒரு பெரிய குறையும் உண்டு. போஸின் படைக்கு ஆள் சேர்ந்த அதே தோட்டங்களிலிருந்து, அதே வருஷங்களில், ஜப்பானியர்கள் தமிழர்களைச் சயாம்–பர்மா ரயில் பாதைக்கு அள்ளிக்கொண்டு போனார்கள். ஆயிரக்கணக்கில் செத்தார்கள். அந்தச் சாவுகளுக்கு நாம் ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' பக்கம்தான் போக வேண்டும். சிங்காரத்தின் பார்வை குமாஸ்தாவின் பார்வை, பிறகு ராணுவக்காரனின் பார்வை. தோட்டத்து லயத்தில் இருந்தவன் அதில் கூட்டத்தோடு கூட்டமாகத்தான் நிற்கிறான்.

யுத்தம் முடிகிறது, படை கலைகிறது. பாண்டியன் டச்சுக்காரர்களை எதிர்த்து இந்தோனேசிய விடுதலைக்காகத் துப்பாக்கி எடுக்கிறான். இதைச் சாகசம் என்று வாசிக்கிறவர்கள் உண்டு. எனக்கு நாவலின் நிஜமான கேள்வியே இங்கேதான். பிறந்த மண்ணுக்கான படை இல்லை என்றானதும், பிழைக்க வந்த மண்ணுக்காகச் சண்டை போடுகிறவன் எந்த நாட்டுக்காரன்? சிங்காரம் பதில் சொல்லவில்லை. ஊர் திரும்ப விடாமலே அவனைச் சாகடித்துவிடுகிறார்.

இதை அயனம்பாக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஏரிக்கரைப் பக்கம் போனால், அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்க்கிற ஒடிசா, பிகார் பையன்கள் வீடியோ காலில் இருப்பார்கள். ஒருத்தன் ஃபோனைத் திருப்பி ஏரியைக் காட்டுவான். அந்தப் பக்கம் யாரோ வாசலில் கட்டியிருக்கிற மாட்டைக் காட்டுவார்கள். எங்கள் அபார்ட்மெண்ட் வாட்ஸப் குரூப்பில் இவர்களுக்கு ஒரே பெயர்தான், 'வடக்கன்'. 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பிகார் தொழிலாளர்களை அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவி, அங்கிருந்து அதிகாரிகள் குழுவே வந்து பார்த்துவிட்டுப் போனது. வீடியோ பொய்தான். ஆனால் அதற்குக் கொஞ்ச நாள் முன்னாடி, ரயிலில் டிக்கெட் இல்லாமல் ஏறுகிற வடக்கன் பற்றி ஒரு மீமை அந்தக் குரூப்பில் போட்டது நான். பேரவை அத்தியாயத்துக்குக் கைதட்டிய அதே நான்.

மெடானில் தமிழர்கள் குடியிருந்த பகுதிக்குக் கம்போங் கிளிங் என்று பெயர். மலாய் பேசுகிற ஊர்களில் 'கிளிங்' நம்மைக் குறித்த சொல்லாக ஆரம்பித்து வசவாகிப்போனது. இப்போது அந்த இடத்தின் பெயரைக் கம்போங் மெட்ராஸ் என்று மாற்றிவிட்டார்கள்.

போன வாரம் டீக்கடையில் ஒரு பையனிடம் எந்த ஊர் என்று கேட்டேன். ஒடிசா என்று சொல்வான் என எதிர்பார்த்தேன். அவன் கிராமத்தின் பெயரைச் சொன்னான். புரியவில்லை என்றதும் இன்னொரு தடவை நிறுத்தி, மெதுவாகச் சொன்னான். வீட்டுக்கு வந்து மேப்பில் தேடினேன். எழுத்துக்கூட்டு தெரியாததால் கிடைக்கவில்லை.