கன்னம் எங்கே உட்கார்கிறது?

ருகர் 10/22 வாங்கிய யாரும் அதை வாங்கியபடியே வைத்திருப்பதில்லை. 1964இல் வந்த இந்த .22 செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள் அமெரிக்காவில் ஏறக்குறைய நம்மூர் ஸ்ப்ளெண்டர் மாதிரி. எங்கே போனாலும் உதிரிபாகம் கிடைக்கும். ஒரு ஸ்க்ரூ டிரைவர் இருந்தால் சாப்பாட்டு மேசையிலேயே கழற்றி மாட்டிவிடலாம், வீட்டில் திட்டு வாங்கத் தயாராக இருந்தால். பலரும் முதலில் மாற்றுவது ஸ்டாக் எனப்படும் கட்டையைத்தான்.

எனக்கு அந்த ஆசை ஓர் ஆப்பிள்சீட் பயிற்சி முகாமில் வந்தது. 25 மீட்டரில் தாளை மாட்டி, நின்றும் உட்கார்ந்தும் படுத்தும் சுட வேண்டும். மொத்தம் 250 மதிப்பெண். 210 எடுத்தால் ரைஃபிள்மேன் என்ற பட்டை தருவார்கள். இரண்டு நாள் முக்கியும் எனக்கு 190கூடத் தேறவில்லை. துப்பாக்கியைக் குறை சொல்லிக்கொண்டிருந்த என்னிடம் பயிற்சியாளர் என் கழுத்தைக் காட்டினார். கொக்கு மாதிரி நீட்டிக்கொண்டு சுட்டிருக்கிறேன்.

விஷயம் இதுதான். தொழிற்சாலைக் கட்டையின் மேல்விளிம்பு, ரைஃபிளோடு வரும் இரும்புக் குறிகளின் உயரத்துக்கு ஏற்றது. அதன்மேல் ஸ்கோப் மாட்டினால் கண் ஓர் அங்குலத்துக்குக் குறையாமல் மேலே போக வேண்டும். அப்போது கன்னம் கட்டையை விட்டு எழுந்துவிடுகிறது, தாடை மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு குண்டுக்கும் தலை ஒவ்வோர் இடத்தில். போதாததற்கு, டிரிகரிலிருந்து கட்டையின் பின்முனை வரை பதின்மூன்றரை அங்குலம். ஐந்தடி ஐந்தங்குல ஆளான எனக்கு அது நீளம். பின்முனையை முழங்கையின் உள்மடிப்பில் வைத்துப் பாருங்கள். ஆள்காட்டி விரலின் முதல் கணு டிரிகரை எட்டினால் அளவு சரி. எனக்கு நகம்தான் எட்டியது.

கழற்றும் முறையைச் சொல்லிவிடுகிறேன். மேகசினை எடுத்து, போல்ட்டை இழுத்து, அறை காலியா என்று கண்ணால் பார்த்து, விரலாலும் தடவிப் பார்க்க வேண்டும். பிறகு முன்னாலிருக்கும் பேரல் வளையத்தைத் தளர்த்திக் கழற்றி, அடியிலுள்ள ஒரே திருகை எடுத்துவிட்டு, சேஃப்டி பொத்தானை இந்தப் பக்கமும் இல்லாமல் அந்தப் பக்கமும் இல்லாமல் நடுவில் நிறுத்தி, பேரல் பக்கமாகத் தூக்கினால் வந்துவிடும். பொத்தானை நடுவில் வைக்க மறந்தவர்கள்தான் மரத்தைப் பிளக்கிறார்கள். கட்டையை விட்டு வெளியே வந்ததும் டிரிகர் தொகுதியைப் பிடித்திருக்கும் பின்கள் நழுவி விழும். அவற்றை இடத்தில் பிடித்துவைத்திருந்ததே கட்டையின் சுவர்தான். கீழே ஒரு துண்டை விரித்துக்கொள்ளுங்கள். நான் சோபாவுக்கு அடியில் தவழ்ந்திருக்கிறேன்.

சொந்தமாக இரண்டு, நண்பர்களிடம் இரவல் இரண்டு என்று நான்கு கட்டைகளை மாற்றி மாற்றிப் பொருத்திச் சுட்டேன். ஹோக் நிறுவனத்தின் ரப்பர் போர்த்திய கட்டை வியர்த்த கைக்கு அருமை. டெக்சஸ் ஆகஸ்டில் அது சின்ன விஷயமில்லை. ஆனால் நீளமும் உயரமும் கொடுத்தது கொடுத்ததுதான், என் கழுத்துக்கு அதில் மருந்தில்லை.

பாய்ட்ஸின் அட்-ஒன் லேமினேட் மரம். மெல்லிய தகடுகளை ஒட்டிச் செய்வதால் ஈரக்காற்றில் சாதா மரம்போல முறுக்கிக்கொள்ளாது. பொத்தானை அழுத்தினால் பின்பகுதி நீளும், இன்னொன்றை அழுத்தினால் கன்னமேடு உயரும். நான்கில் அழகு இதுதான். கையில் எடுத்தால் கீழே வைக்க மனம் வராது, நின்றபடி பத்து நிமிடம் பிடித்திருந்தால் தோள் மட்டும் முறையிடும்.

மேக்புல் ஹண்டர் எக்ஸ்-22 வெறும் பிளாஸ்டிக். பார்க்கப் பெரிதாக ஒன்றுமில்லை. இடையில் செருகும் தகடுகளால் பன்னிரண்டரையிலிருந்து பதினான்கரை அங்குலம் வரை நீளத்தை மாற்றலாம். நான் எல்லாத் தகடுகளையும் உருவி எறிந்தேன். விரல் முதன்முறையாக டிரிகரில் சரியாக உட்கார்ந்தது. பேரல் கிடக்கும் தட்டைத் திருப்பிப் போட்டால் மெல்லிய பேரல், தடித்த பேரல் இரண்டும் பொருந்தும். உயரமான கன்னமேட்டைத் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டும். ஸ்கோப் வைத்திருப்பவர்கள் அதையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

நான்காவது மிட்வெஸ்ட் இண்டஸ்ட்ரீஸின் சேசிஸ். லாரிக்குச் சொல்கிறோமே, அதே அர்த்தம்தான்: அலுமினியச் சட்டம், அதன்மேல் மற்றவை. ஏஆர்-15 வகைப் பின்கட்டையையும் கைப்பிடியையும் நாமே பொருத்த வேண்டும். எல்லாம் சேர்த்தால் செலவு ரைஃபிளின் விலையைத் தொட்டுவிடும். மணல்மூட்டைமேல் வைத்துச் சுட்டால் பாறை மாதிரி நிற்கிறது. ஆனால் 10/22இன் உடலைக் கட்டையோடு பிணைப்பது முன்னாலுள்ள அந்த ஒரே திருகு. அதன் பின்பாதி எதிலும் திருகப்படாமல் சும்மா கிடக்கிறது. எந்தச் சட்டத்தில் வைத்தாலும் இந்த அமைப்பு மாறாது. வெயிலில் கிடந்த அலுமினியத்தை வெறுங்கையால் பிடித்தவர்களுக்கு வேறொரு பாடமும் கிடைக்கும்.

மணல்மூட்டையில், ஒரே பெட்டித் தோட்டாக்களை வைத்து, நான்கிலும் விழுந்த துளைகளுக்கிடையே பெரிய வித்தியாசமில்லை. தோட்டா பிராண்டை மாற்றியபோது வந்த வித்தியாசம் அதைவிட அதிகம். ஆனால் மூட்டையை எடுத்துவிட்டுத் தரையில் படுத்ததும் கதை மாறியது. கட்டை பேரலைத் திருத்தவில்லை, என்னைத் திருத்தியது. கண்ணை மூடிக் கன்னத்தைச் சாய்த்துவிட்டுத் திறந்தால் ஸ்கோப்பின் முழு வட்டமும் கண்முன்னே இருக்க வேண்டும். அட்-ஒன்னிலும் ஹண்டரிலும் இருந்தது. ஹண்டரோடு அடுத்த முகாமுக்குப் போய் 213 எடுத்தேன்.

என் தீர்ப்பு: ஸ்கோப் வைத்துச் சுடுபவர்களுக்கு, அதிலும் நம் உயரத்துக்காரர்களுக்கு, சுமார் 150 டாலருக்குக் கிடைக்கும் ஹண்டர் போதும். மேசையில் உட்கார்ந்து மட்டும் சுடுபவர்கள் சேசிஸுக்குப் போகலாம். இரும்புக் குறியே போதும் என்பவர்கள் எதையும் வாங்க வேண்டாம், அந்தப் பணத்துக்குத் தோட்டா வாங்குங்கள்.

ஆர்டர் போடுமுன் இரண்டு விஷயம். நியூயார்க்கில் இருப்பவர்கள் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். மேகசின் கழலும் செமி ஆட்டோமேட்டிக்கில் தனியாக நீட்டிக்கொண்டிருக்கும் கைப்பிடியும் பெருவிரல் துளைக் கட்டையும் அங்கே ஆகாது; .22 என்று விலக்கு இல்லை. இன்னொன்று, பேரலின் தடிமனை அளந்துகொள்ளுங்கள். ஒருமுறை பழைய கட்டை ஒன்றை மலிவாக வாங்கினேன். அது .920 அங்குலப் பேரலுக்கானது என்று விற்றவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. என் மெல்லிய பேரல் அதில் வாய்க்காலில் விழுந்த குச்சி மாதிரி கிடந்தது. அந்தக் கட்டை இன்னும் கராஜில்தான் இருக்கிறது. யாருக்காவது வேண்டுமானால் சொல்லுங்கள்.