வாயை அடைத்த வழக்குகள்

கெடாவின் சுங்கை பட்டாணியில் 1946-இல் பிறந்த ஐரின் பெர்னாண்டஸ் மருத்துவர் அல்லர். ஆனாலும் மறைக்கப்பட்ட நோய்களை வெளியே சொன்னதற்காக மலேசியாவில் நெடுங்காலம் நீதிமன்றப் படியேறியவர் அவர். அவருடைய தெனாகானித்தா அமைப்பினர் எய்ட்ஸ் ஆய்வுக்காக அந்நியத் தொழிலாளர்களைச் சந்தித்தபோதுதான் தடுப்பு முகாம்களின் நிலை தெரியவந்தது. செமினி முகாமில் நேர்ந்த மரணங்களைப் பத்திரிகையாளர் ஸ்டீவன் கான் திரட்டினார். பெரிபெரியும் டைஃபாய்டும் காரணம் என்று கண்டார். அவர் வேலை செய்த நாளிதழ் அதை அச்சிடவில்லை. 1995-இல் ஐரின் அறிக்கையாக வெளியிட்டார்.

பெரிபெரி இந்நாட்டு மருத்துவம் அறியாத நோயன்று. 1905-இல் கோலாலம்பூர் மனநல விடுதியில் வில்லியம் ஃபிளெட்சர் ஒரு சாராருக்குத் தீட்டிய அரிசியும் மறு சாராருக்குப் புழுங்கல் அரிசியும் கொடுத்துப் பார்த்தார். புழுங்கல் அரிசி உண்டவர்களை நோய் ஏறக்குறைய அண்டவேயில்லை. தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பிறகும் அந்நோயால் மனிதர் சாவது குற்றம். வழக்கோ அதைச் சொன்னவர்மீது பாய்ந்தது. 1996-இல் பொய்ச் செய்தி வெளியிட்டதாகக் குற்றச்சாட்டு, 2003-இல் 12 மாதச் சிறைத்தண்டனை, 2008-இல் விடுதலை. 2014-இல் ஐரின் காலமானார்.

தோட்டங்களில் மருந்து அடிக்கும் பெண்களைப் பற்றி அதே அமைப்பு 2002-இல் கூட்டாய்வு ஒன்றை வெளியிட்டது. அவர்களில் பலர் தமிழ்ப் பெண்கள். அவர்கள் தெளித்த களைக்கொல்லியான பாராகுவாட்டின் நஞ்சுக்கு முறிமருந்து கிடையாது. சுவிட்சர்லாந்து அதை 1989-லேயே விலக்கியது. மலேசியா 2002-இல் தடுக்க முடிவெடுத்து, 2006-இல் தளர்த்தி, 2020-இல்தான் முழுத்தடைக்கு வந்தது.

பேராக்கின் புக்கிட் மேராவில் ஓர் ஆலையின் கதிர்வீச்சை எதிர்த்த ஊரார் சிலரும், அவர்களுக்காக வாதாடிய மீனாட்சி ராமனும் 1987-இல் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் பிடிபட்டனர். ஈப்போ உயர் நீதிமன்றம் 1992-இல் ஆலையை மூடச் சொன்னது. மேல்முறையீட்டில் அத்தீர்ப்பு கவிழ்ந்த பின்னரே, 1994-இல், ஆலை நின்றது.

கனடாவிலும் இதே கதைதான். தலசீமியா நோயாளிகளுக்குக் கொடுத்த மருந்தின் ஆபத்தை அவர்களிடமே சொல்ல முனைந்த மருத்துவர் நான்சி ஒலிவியேரியை 1996-இல் மருந்து நிறுவனம் வழக்குப் போடுவதாக மிரட்டியது.

துப்பறியும் கதைகளில் ஆராய்ச்சியாளரை இருட்டில் ஆள் வைத்துத் துரத்துவார்கள். இங்கே நடந்ததெல்லாம் பட்டப்பகலில், முத்திரையிட்ட தாளில் நடந்தது. மலேசியாவில் 2010-இல் வந்த தகவல் அளிப்போர் பாதுகாப்புச் சட்டமும் அமலாக்க அமைப்பிடம் சொன்னவருக்கே காப்பு என்றுதான் எழுதப்பட்டது. ஊரறியச் சொன்னவருக்கு அதில் இடமில்லை.

உண்மை ஒருவர் கையில் மட்டும் இருப்பதால்தான் அவரை அடக்கினால் போதும் என்ற துணிச்சல் வருகிறது. கெடாவின் ஜித்ராவிலோ கூலிமிலோ ஒரு தோட்டத் தொழிலாளியின் இரத்தத்தைச் சோதித்தால், முடிவு முதலில் அவருக்கே, அவருக்குப் புரியும் மொழியில் போய்ச் சேரட்டும். தோட்டம் முழுக்க அறிந்த செய்தியை ஒருவரைச் சிறையில் தள்ளி மறைக்க முடியாது. ஆராய்ச்சியாளருக்கு அதைவிடப் பெரிய பாதுகாப்பு வேறில்லை.