குமரிக்கோட்டம்

குமரிக்கோட்டம், சி.என். அண்ணாதுரை 1940களில் எழுதிய கதை. மகனின் சாதிமறுப்புக் காதலை ஏற்க மறுக்கும் தந்தை, பின்னர் தானே சாதி வரம்பை மீறுவதைச் சித்தரிக்கிறது. குடும்பத் தலைவனின் கௌரவ அச்சத்தை மையமாகக் கொண்ட திராவிட இயக்கப் படைப்புகளில் ஒன்று.

பின்புலம்

அண்ணாதுரை 1909 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்தார். சின்ன காஞ்சிபுரத்தில் அவர் வாழ்ந்த வீடு இன்று நினைவில்லம். கோயிலும் தறியும் பட்டு வணிகமும் சேர்ந்த ஊர் அது. 1942 முதல் காஞ்சிபுரத்திலிருந்து 'திராவிட நாடு' இதழை நடத்தினார்.

அக்காலத்தில் இந்துக்களிடையே சாதி மாறிச் செய்யும் திருமணத்தின் சட்டநிலை உறுதியற்றிருந்தது. 1949-ஆம் ஆண்டின் இந்து திருமணச் செல்லுபடிச் சட்டமே அதைத் தெளிவாக்கியது.

கதைச்சுருக்கம்

செல்வந்தரான குழந்தைவேல் செட்டியார் ஆசாரமானவர். மகன் பழனி, வேறு சாதிப் பெண்ணான நாகவல்லியைக் காதலிக்கிறான். செட்டியார் மகனைக் கைவிடுகிறார். பின்னர் கோயில் கட்டும் பணியில் ஈடுபடும்போது, அங்கே கூலி வேலைக்கு வரும் குமரி என்ற இளம்பெண்மேல் மோகம் கொள்கிறார். இறுதியில் அவளை மணக்கிறார்.

விமர்சனம்

செட்டியாரைக் கொடியவராகக் காட்டாததே கதையின் வலிமை. அவர் மகனை வெறுப்பதில்லை. ஊரார் முன் தலைகுனிய அஞ்சுகிறார். செல்வமும் திருப்பணியும் தந்த மதிப்பு, மகனின் திருமணம் ஒன்றினால் கரைந்துவிடும் என்பதே அவரது பயம். சாதி இங்கே நம்பிக்கை என்பதைவிட, ஆண் தன் மதிப்பை அளக்கும் கோலாக இருக்கிறது.

ஆனால் அவரது மாற்றம் சிந்தனையிலிருந்து வரவில்லை. ஆசை வந்தபின்னரே ஆசாரம் தளர்கிறது. மகனின் காதலுக்கு இல்லாத நியாயம் தந்தையின் மோகத்துக்குக் கிடைத்துவிடுகிறது. இந்த முரணை நகைச்சுவையாக்கி வாசகனைச் சிரிக்க வைக்கிறார் ஆசிரியர். போலித்தனத்தை உடைக்க அது போதும். எனினும் வயதும் செல்வமும் மிக்க முதலாளிக்கும் கூலிப் பெண்ணுக்கும் இடையிலான ஏற்றத்தாழ்வு சாதிக் கேள்விக்குப் பின்னால் மறைந்துவிடுகிறது. குமரிக்கு இத்திருமணம் விடுதலையா, வேறு வழியின்மையா என்பது வாசகனிடம் எஞ்சும் கேள்வி. தலைப்பில் இருப்பது அவள் பெயர்; கதை செட்டியாருடையது.

இன்றைய வாசிப்பு

சுயமரியாதைத் திருமண முறை செல்லாது என 1953-இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முதல்வரான அண்ணாதுரையின் அரசு 1967-இல் கொண்டுவந்த திருத்தம் அதற்குச் சட்ட ஏற்பு அளித்தது. முன்பு நடந்த திருமணங்களும் அதன்மூலம் செல்லுபடியாயின. கதை எழுப்பிய கேள்வியின் சட்டப் பகுதிக்கு இவ்வாறு விடை கிடைத்தது.

கௌரவ அச்சம் நீங்கவில்லை. 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டையில் சாதி மறுத்து மணந்த தலித் இளைஞர் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார். குழந்தைவேல் செட்டியார் மகனை விலக்குவதோடு நின்றார். அவருக்குத் திரும்பி வர வழி இருந்தது. சிரிப்பால் சாதியைக் கரைக்கலாம் என்ற அண்ணாதுரையின் நம்பிக்கை இன்று எளியதாகத் தெரியலாம். ஆயினும் ஆணின் அச்சத்தை அவர் சரியாகவே அடையாளம் கண்டார் என்பதால் இக்கதை இன்றும் வாசிக்கத்தக்கது.