சட்டை இரவல் சொல்லா?

சில ஆண்டுகளுக்கு முன்னால் நம் ராபர்ட்சன்பேட்டையில் நடந்த ஒரு தமிழ் விழாவில் பேசிய நண்பர், "வெள்ளைக்காரன் வரும்வரை தமிழனுக்குச் சட்டையே தெரியாது. ஷர்ட் என்கிற ஆங்கிலச் சொல்தான் நம் வாயில் சட்டை ஆகிவிட்டது" என்றார். கைதட்டல் பலமாக இருந்தது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு சிறுமி, கன்னடப் பள்ளியில் படிப்பவள், என்னைப் பார்த்து, "தாத்தா, சட்டைகூட நம்ம வார்த்தை இல்லையா?" என்று கேட்டாள். அன்றைக்கு எனக்குப் பதில் வரவில்லை. நான் பட்டம் பெற்ற புலவன் அல்லன், துணி வியாபாரி. ஆனால் சட்டைத் துணியை வாழ்நாள் முழுவதும் கிழித்துக் கொடுத்தவனுக்கு அந்தச் சொல்லின் பூர்வீகம் தெரியாமல் இருப்பது வெட்கம் என்று பட்டது. அந்தச் சிறுமிக்குச் சொல்ல வேண்டிய பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கல்லாவில் கேட்ட பெயர்கள்

தங்கவயலில் ஒரு துணிக்கடை என்றால் மூன்று மொழிகளின் அகராதி திறந்து கிடக்கிறது என்று பொருள். கன்னடக்காரர் "அங்கி" துணி கேட்பார். தெலுங்குக்காரர் "சொக்கா" என்பார். வட ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து சுரங்க வேலைக்கு வந்த நம் குடும்பத்துப் பெரியவர்களும் "சொக்கா", "சொக்காய்" என்றே கேட்பார்கள். அவர்கள் பேரப்பிள்ளைகள் "சட்டை" என்றார்கள். இன்றைய பிள்ளைகள் "ஷர்ட்" என்கிறார்கள். முழுக்கைக்கு அதே இரண்டேகால் மீட்டர்தான், பெயர்தான் நாலு.

ஷர்ட் என்ற சொல்லைப் பேச்சில் அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறோம், மறுப்பதற்கில்லை. ஆனால் அதுதான் சட்டை ஆயிற்று என்பது சரியா? அதற்கு ஏட்டைப் பார்க்க வேண்டும்.

உரையாசிரியர் தரும் சான்று

பத்துப்பாட்டில் ஒன்றான முல்லைப்பாட்டில், அரசனின் பாசறையில் காவல் நிற்கும் யவனர் வருகிறார்கள். அவர்கள் அணிந்த உடையை நப்பூதனார் "மெய்ப்பை" என்கிறார். மெய்க்குப் பை, எவ்வளவு பொருத்தமான பெயர்! அதற்கு உரை எழுதிய நச்சினார்க்கினியர், மெய்ப்பை என்பதைச் சட்டை என்றே விளக்குகிறார். அதே பாட்டில் மிலேச்சர் அணிந்த "படம்" என்பதற்கும் அவர் கொள்ளும் பொருள் சட்டைதான்.

நச்சினார்க்கினியர் காலம் 14-ஆம் நூற்றாண்டு என்பர். வாஸ்கோடகாமா கள்ளிக்கோட்டையில் இறங்கியது 1498-இல். ஆங்கிலேயர் சென்னையில் கோட்டைக்கு இடம் பெற்றது 1639-இல். அதற்கெல்லாம் முன்பே, பழைய சொல்லுக்குப் பொருள் சொல்லும் அளவுக்கு எல்லாரும் அறிந்த சொல்லாகச் சட்டை இருந்திருக்கிறது. உரையாசிரியர் தெரியாத சொல்லைத் தெரிந்த சொல்லால்தானே விளக்குவார்? ஆகவே "ஷர்ட்டே சட்டை" என்ற வாதம் இந்த இடத்திலேயே விழுந்துவிடுகிறது.

இதைக் கேட்ட இன்னொரு நண்பர், "அப்படியானால் நம் சட்டையிலிருந்துதான் ஷர்ட் போயிருக்கும்!" என்று குதித்தார். அதுவும் தவறு. ஷர்ட் என்பது பழைய ஆங்கிலச் சொல். குட்டை என்ற பொருளுடைய ஷார்ட், பெண்கள் அணியும் ஸ்கர்ட் இரண்டும் அதன் உறவுகள். ஒலி ஒத்திருப்பதை மட்டும் வைத்துச் சம்பந்தம் பேசக் கூடாது. அது கடனுக்கும் சரி, பெருமைக்கும் சரி.

பிறர் மேனியில் கண்ட உடை

ஒரு உண்மையை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். முல்லைப்பாட்டில் தைத்த மேலுடை அணிந்து நிற்பவர் யவனரும் மிலேச்சரும். எங்கள் சமணக் காப்பியமான சீவக சிந்தாமணியில் திருத்தக்கதேவர் காட்டும் "குப்பாயம்" அணிந்தவனும் ஒரு மிலேச்சனே. சிலப்பதிகாரத்தில் கஞ்சுகம் அணிந்தோர் அரசப் பணியாளர். ஆக, சட்டை முதலில் அந்நியரும் அதிகாரிகளும் போட்ட உடையாகத்தான் நம் இலக்கியத்தில் தெரிகிறது. வெயில் நாட்டில் வேட்டியும் துண்டுமே போதுமாக இருந்தன. அதில் இழிவு ஒன்றும் இல்லை. விழாவில் பேசிய நண்பர் உடையைப் பற்றிச் சொன்னதில் பாதி உண்மை உண்டு. சொல்லைப் பற்றிச் சொன்னதில்தான் தவறினார்.

குப்பாயம் நம்மிடம் வழக்கொழிந்தாலும் கேரளத்தில் இன்றும் சட்டைக்கு அதுதான் பெயர். நம் கன்னடத்து அக்கம்பக்கத்தார் ரவிக்கையைக் "குப்பஸ" என்கிறார்களே, அதுவும் இதற்கு உறவாகவே தோன்றுகிறது. சிந்தாமணிச் சொல்லின் சாயலை அடுத்த வீட்டில் கேட்கிறோம். கவனிக்கத்தான் ஆளில்லை.

பாம்பும் புத்தகமும்

சட்டைக்குத் துணியோடு மட்டும் உறவில்லை. லைன் வீடுகளில் வேலி ஓரம் பாம்பு உரித்துப் போட்ட தோலைப் பார்த்தால், "பாம்புச் சட்டை கிடக்குது, பார்த்துப் போ" என்று பெரியவர்கள் எச்சரிப்பார்கள். வடமொழியிலும் கஞ்சுகம் என்ற ஒரே சொல் மேலுடையையும் கவசத்தையும் பாம்பின் தோலையும் குறிக்கிறது. மலையாளத்தில் "சட்ட" என்பது சிரியன் கிறிஸ்தவப் பெண்கள் முண்டுடன் அணியும் வெள்ளை மேலுடை. புத்தகத்தின் மேலட்டையும் "சட்ட"தான், மார்புக் கவசம் "மார்ச்சட்ட". உள்ளே இருப்பதை மூடிக் காப்பது என்ற பொருள் இவை எல்லாவற்றிலும் ஓடுகிறது.

சீர்காழியில் சிவபெருமானுக்கே சட்டைநாதர் என்று பெயர். திருமாலின் தோலைச் சட்டையாகப் போர்த்தவர் என்பது அத்தலத்துக் கதை. சம்பந்தர் பிறந்த ஊரைச் சமணன் நான் எடுத்துக்காட்டுவது சிலருக்கு வேடிக்கையாக இருக்கலாம். சொல்லுக்கு மதம் கிடையாது. அங்கேயும் சட்டை என்பது போர்த்துகிற தோல்தான்.

சட்டை பண்ணுதல்

"நான் சொன்னதை அவன் சட்டையே பண்ணல" என்கிறோம். இங்கே சட்டை எப்படி மதிப்பு ஆயிற்று? சட்டை போட்டவனுக்குத்தான் மரியாதை, அதனால் வந்தது என்று பலர் விளக்குகிறார்கள். எனக்கு இது ஒப்பவில்லை.

முதலாவது, உடையைப் போடுகிறோம், மாட்டுகிறோம், கழற்றுகிறோம். மதிப்பைத்தான் "செய்கிறோம்", "பண்ணுகிறோம்". வினை வேறு. இரண்டாவது, நம் நாட்டு மரபில் சட்டையைக் கழற்றுவதே பெரும்பாலும் மரியாதை. திருச்செந்தூரில் ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் சந்நிதிக்குப் போகிறார்கள். காந்தியடிகள் 1921 செப்டம்பர் 22-இல் மதுரையில் சட்டையைத் துறந்தார். அவரை உலகம் சட்டை பண்ணாமலா இருந்தது? எங்கள் திகம்பர முனிவர்களோ திசைகளையே ஆடையாகக் கொண்டவர்கள். அரசரும் அவர்களை வணங்கினர்.

அப்படியானால் இந்தச் சட்டை எங்கிருந்து வந்தது? என் கருத்தைச் சொல்கிறேன், அறிஞர்கள் சோதித்துப் பார்க்கட்டும். சிரத்தை என்று நாம் வழங்கும் வடசொல் பிராகிருதத்தில் "சத்தா" என்றும் "சட்டா" என்றும் இரு வடிவில் வரும். 12-ஆம் நூற்றாண்டுச் சமண ஆசாரியர் ஹேமசந்திரர் தம் பிராகிருத இலக்கணத்தில் இரண்டையும் ஏற்கிறார். பிராகிருதம் சமணரின் ஆகம மொழி. அந்தச் சட்டாவே தமிழில் "சட்டை செய்தல்" ஆகியிருக்கலாம் என்பது என் எண்ணம். பொருளும் பொருந்துகிறது. சிரத்தை இல்லாதவன்தான் சட்டை பண்ணாதவன். மெய்ப்பொருள்களில் சிரத்தை வைப்பதே நற்காட்சி என்று உமாசுவாமி தத்துவார்த்த சூத்திரத்தில் சொல்கிறார். அவ்வளவு கனமான சொல்லின் பேரன் "சட்டை பண்ணல" என்று நம் வாசலில் திரிகிறானோ என்று நினைக்கும்போது மனம் மகிழ்கிறது.

இது சரியென்றால் சட்டை ஒரு சொல் அல்ல, இரு சொற்கள். ஒன்று உடலை மூடுவது, மற்றது மனத்தைத் திறந்து வைப்பது.

கேட்டு எழுதுவோம்

உ.வே.சாமிநாதையர் 1887-இல் சிந்தாமணியை அச்சிட்டார். அதற்கு முன் கும்பகோணத்துச் சமணர்களிடம் போய்ச் சொல்லுக்குச் சொல் கேட்டுத் தெளிந்தார். அவ்வளவு படித்தவரே வீட்டுப் பேச்சில் பொருள் தேடினார் என்றால் நாம் எம்மாத்திரம்? 2001-இல் சுரங்கம் மூடிய பிறகு நம் பிள்ளைகள் விடிகாலை ரயில் ஏறிப் பெங்களூர் போய் இரவில் திரும்புகிறார்கள். சொக்கா என்று சொன்ன பாட்டிமார் ஒவ்வொருவராகக் குறைந்து வருகிறார்கள். சங்கத்தார் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு, வீட்டுக்கு வீடு துணிமணிப் பெயர்களையாவது கேட்டு எழுதி வைத்தால் நல்லது. முதல் பக்கத்துக்கு என் கடைச் சொற்களைத் தர நான் தயார்.

அந்தச் சிறுமிக்கு என் பதில் இதுதான்: சட்டை நம்ம வார்த்தைதான் அம்மா. உடையை மற்றவர் மேனியில் பார்த்தோம். பெயரை நம் வாயில் எழுநூறு ஆண்டுகளாக வைத்திருக்கிறோம்.