பாதி பாதியாய் ஒரு தேடல்

பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கு மேலே எழும் ஹந்தானை மலையின் பெயரில் ஓர் இயங்குதளமே உருவானது: ஃபெடோரா என்ற லினக்ஸ் தொகுப்பை அடித்தளமாகக் கொண்ட ஹந்தானை லினக்ஸ். லினக்ஸில் பிழை பிடிப்போரின் கைவேலைகளில் எனக்கு மிகப் பிடித்தது, பிழையைப் புகுத்திய மாற்றத்தைத் தேடும் ‘கிட் பைசெக்ட்’.

நேற்றுவரை ஓடிய கணினி, இயங்குதளத்தின் கருவான கெர்னலின் புதிய பதிப்பில் தொடங்க மறுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பழைய பதிப்புக்கும் புதியதுக்கும் இடையில் 1,000 மாற்றங்கள். நடுவிலுள்ளதை எடுத்து, தொகுத்து, இயக்கிப் பார்க்க வேண்டும். ஓடினால் பிழை பின்பாதியில், ஓடாவிட்டால் முன்பாதியில். இப்படியே பாதி பாதியாய்க் கழித்தால் 10 சோதனைகளில் குற்றவாளி அகப்படும்.

ஒருவர் தொகுக்க, மற்றவர் சீரியல் கேபிள் வழியே திரையில் கொட்டும் வரிகளை வாசிக்கிறார். “மச்சான், இன்னும் மேலே போ. முதல் ‘ஊப்ஸ்’ எங்க?” ‘ஊப்ஸ்’ என்பது கெர்னல் தரும் பிழை அறிவிப்பு. பின்னால் வருபவை பெரும்பாலும் முதல் பிழையின் விளைவுகளே, முதலாவதைத்தான் நம்பலாம். எப்போதாவது தலைகாட்டும் பிழையென்றால் ஒவ்வொரு படியிலும் பலமுறை இயக்கிப் பார்ப்பார்கள். ஒரு தவறான பதில் போதும், தேடல் திசைமாறிவிடும்.

இங்கே ஊகத்துக்கோ பதவிக்கோ இடமில்லை. பொறுமையாகச் சோதித்தால் முதலாண்டு மாணவியும் மூத்த பொறியியலாளரும் ஒரே விடைக்கு வருவார்கள். இந்த வேலையின் அழகு அந்தச் சமத்துவத்தில்தான் இருக்கிறது.