எத்தனை பூ என்பது பாதிக் கணக்கு

பசுமைக்குடில் ரோஜாவுக்கு விளக்கு போடுவது பற்றிக் கொஞ்ச நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். பெரும்பாலான எழுத்து ஒரே கேள்வியைத்தான் சுத்தி வருது: ஒரு சதுர மீட்டரில் எத்தனை பூத்தண்டு கிடைக்கும்? கேள்வி தப்பில்லை. ஆனா அது பாதிக் கேள்விதான்.

நெதர்லாந்து, நார்வே போன்ற நாடுகளில் டிசம்பர் கடைசியில் பகல் எட்டு மணி நேரம்கூட இருக்காது. விளக்கு கட்டாயம் வேணும். சாமந்தி மொட்டு வைக்க நீண்ட இரவு தேவை. ரோஜாவுக்கு அந்த நிபந்தனை இல்லை. அப்போ 24 மணி நேரமும் எரியவிட்டால் என்ன?

பூ கூடும். சிக்கல் பறித்த பிறகு வருது. இலைகளில் நீராவி வெளியேறும் நுண்துளைகள் உண்டு. இருட்டிலும் வறட்சியிலும் அவை மூடிக்கொள்ள வேண்டும். இருட்டே பார்க்காமல், ஈரக் காற்றில் வளர்ந்த செடியில் அவை சரியாக மூடுவதில்லை. குடிலுக்குள் அது தெரியாது. வேர் தண்ணீர் கொடுத்துக்கொண்டே இருக்கும். வாங்கியவர் வீட்டு ஜாடியில், வறண்ட காற்றில், தண்டு உறிஞ்சுவதைவிட இலை அதிகமாக இழக்கும். பூ விரியும் முன்பே கழுத்து தொங்கிடும்.

நார்வேயின் மார்டென்சன், யிஸ்லெரோட் இருவரும் 1999-இல் வெளியிட்ட ஆய்வு எனக்குப் பிடித்ததற்குக் காரணம் இதுதான். 14 ரோஜா வகைகளை 18 மணி, 24 மணி வெளிச்சத்திலும், இரண்டு வித ஈரப்பதத்திலும் வளர்த்தார்கள். வளர்ச்சியோடு நிறுத்தாமல், ஜாடியில் எத்தனை நாள் தாங்குது என்பதையும் அளந்தார்கள்.

இப்போது எல்இடி பற்றிய பேச்சிலும் அதே குறை. மின்சாரம் மிச்சம் என்பது உண்மைதான். ஆனால் சோடியம் விளக்கு தந்த வெப்பத்தைக் குளிர்காலத்தில் வேறு வழியில் ஈடுகட்டணும். அதோடு, நீல ஒளி இலைத்துளைகளைத் திறக்க வைக்கும். அதனால் சிவப்பு-நீல விகிதம் மாறினால் துளைகளின் நடத்தையும் மாறலாம். விளைச்சல் அட்டவணையில் இதெல்லாம் வராது.

தண்டு எண்ணிக்கை கூடினால் லாபம் வளர்ப்பவருக்கு. பூ சீக்கிரம் வாடினால் நட்டம், பெரும்பாலும் புகார்கூட சொல்லாமல் தூக்கிப் போடுகிறவருக்கு. அதனால் அடுத்த முறை "விளக்கு போட்டோம், விளைச்சல் கூடியது" என்று எங்காவது படித்தால் மூணு கேள்வி கேளுங்க: எத்தனை மணி நேரம் இருட்டு? காற்றில் எவ்வளவு ஈரம்? ஜாடியில் எத்தனை நாள்? மூன்றாவதற்குப் பதில் இல்லைன்னா, அந்த ஆய்வு இன்னும் முடியலை.